மழைக் கணக்கு

ஆ லோய் கடையில் கருவாடு சுற்றித் தந்த தாள்,
ஏதோ ஒரு பழைய ஞாயிறு மலரின் நடுப்பக்கம்.
'முதல் பெண்மணி' என்று தலைப்பு.
பெரட்டுக்கு முதலில் வந்து நிற்கிறவளோ என்று பார்த்தால்
அமெரிக்க அதிபர் கையசைக்கிறார்,
பக்கத்தில் முத்துமாலை போட்ட ஒருத்தி.
அவர் பெயர் முழுதாக அச்சாகியிருக்கிறது,
நடுவில் ஓர் எழுத்துக்குப் புள்ளிகூட.
அதை அடுத்து, 'மனைவியுடன்.'

கோலக்கெட்டிலில் அன்று கரண்டு இல்லை.
மண்ணெண்ணெய் விளக்கை இழுத்துவைத்து
எண்ணெய் ஊறாத வரிகளை மட்டும் படித்தேன்.
அவளுக்கு நாய் இரண்டு. பியானோ தெரியும்.
விருந்தில் எந்த நாட்டுக்காரருக்கு
எந்த நாற்காலி என்று மனப்பாடமாகச் சொல்வாளாம்.
பிடித்த நிறம் நெத்திலியோடு போய்விட்டது.
கடைசிப் பத்தியில் ஒரு விஷயம்:
மாளிகைத் தோட்டத்தில் மழைமானி வைத்து
தினம் காலையில் தானே இறங்கிப் போய்
அளவு பார்த்து நோட்டில் எழுதுகிறாளாம்.
'இது அவரது பொழுதுபோக்கு'
என்று முடித்திருந்தான் எழுதியவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் மைலோ டின் கோழிக்கூண்டின் மேல் இருக்கிறது.

ஏழு வருஷமாக.
விரலை விட்டு அளப்பேன்: ஒரு விரற்கடை, அரை, வெறும் ஈரம்.
எத்தனை மணிக்கு விட்டது, எப்போது பட்டை காய்ந்தது,
பெரட்டில் கிராணி என்ன சொன்னார்.
ஈர மரத்தில் கத்தி வைக்க முடியாது,
பால் கோட்டை விட்டு வழிந்து மண்ணுக்குப் போகும்.
மழை நாள் என்று ஆபீஸ் எழுதினால் சம்பளம் இல்லை.
ரப்பர் விலை இறங்கிய மாதங்களில்
ஆபீஸில் மட்டும் அதிகமாக மழை பெய்யும்.

என் வீட்டுக்காரர் சங்கத் தலைவர்.
வாசலில் எந்நேரமும் பத்து ஜோடிச் செருப்பு.
யாருக்குச் சீனி குறைய, யாருக்குப் பால் ஆகாது,
நிரைச் சண்டையில் முறைத்துக்கொண்ட எந்த இரண்டு பேரை
ஒரே பெஞ்சில் உட்கார்த்தக் கூடாது,
அதெல்லாம் எனக்கும் மனப்பாடம்தான் அம்மா.
பியானோ தெரியாது.
நாய் ஒன்று வரும், பக்கத்து வீட்டுக்குச் சொந்தம்.

சுங்கைப்பட்டாணி லேபர் ஆபீஸில் விசாரணை.
மூன்று நோட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி
மோட்டார் சைக்கிளில் அவர் முன்னால் வைத்துக்கொண்டார்,
நான் பின்னால்.
பதினோரு நாள் பெய்யாத மழை என்று தீர்ப்பானது.
ஆளுக்கு முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசு.
மறுவாரம் பேப்பரில் படம்:
சங்கத் தலைவர் பச்சையப்பன், தமது மழைக் குறிப்பேடுகளுடன்.
ஓரத்தில் பாதித் தோள் ஒன்று.
சேலைக் கரையை வைத்து நான்தான் என்று தெரிந்தது.
அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே.
கடிதம் எழுதித் திருத்தச் சொல்கிறேன் என்றார்.
அதற்குள் யாரோ வந்தார்கள்.
தேத்தண்ணி போட்டேன்.

என் பெயர் நாகரத்தினம்.
மூன்றாம் நம்பர் வெட்டு, முன்னூற்று இருபது மரம்.
அவள் பெயர் தாளில் கடைசிவரை இல்லை.
ஏன் அளக்கிறாய் என்று
அவளை யாரும் கேட்டதாகவும் இல்லை.
மழைக்காக அவள் வீட்டில் யாருக்கும் கூலி குறையாது.
ஒருவேளை,
நாள் முழுக்க அவளிடம் வந்து சொல்லப்படுகிறவற்றில்
தானே கைவிட்டுப் பார்த்து நம்பக்கூடியது
அது ஒன்றுதானோ என்னவோ.

தாளை எறிய மனம் வரவில்லை.
கருவாட்டு வாடைக்குப் பூனை வருமென்று
அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

இன்று நாலரைக்கு எழுந்து கோழிக்கூண்டைத் தடவினேன்.
புது நோட்டில், சிவப்புப் பேனாவால்,
பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தேன்.

செவ்வாய்.
இங்கே: ஒன்றரை விரற்கடை. மூன்று மணிக்கு விட்டது.
எட்டுக்குள் பட்டை காய்ந்துவிடும்.
அங்கே: